கையுறை இறங்கிய நேரம்

ஆட்டர்கோம்ப்
2 மார்ச் 1958

திருமதி செலினா ரண்டில் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. சந்தைக் குழு எழுதச் சொல்லியிருக்கிறது. நான் உங்களைத் தேடி வந்ததாகப் பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். எங்கள் ஊர்ச் சந்தைக்கு அரசர் சாசனம் கொடுத்து எழுநூறு வருடம் ஆகிறது. ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, சந்தை மண்டபத்து மாடிக் கம்பத்தில் கையுறை ஏறும். சனிக்கிழமை மாலை தேவாலய மணி ஆறு அடித்ததும் இறங்கும். அது மேலே இருக்கும்வரை சந்தைக்கு வந்த எவரையும் சின்னக் குற்றத்துக்காகப் பிடிக்கக் கூடாது. முப்பத்தொரு வருடமாக ஏற்றுவது நான், இறக்குவதும் நான். வெள்ளை மான் தோலில் அந்தக் கையுறையைத் தைத்து உள்ளே ஆட்டு மயிர் அடைத்ததும் நான்தான்.

சென்ற வருடம் சனிக்கிழமை அது மூன்று மணிக்கே இறங்கியது. ஏற்றுகிறவனுக்கு இறக்கவும் உரிமை உண்டு. ஏன் என்று கேட்டவர்களுக்கு அன்றே சொன்னேன்: உங்கள் ராட்டினத்தில் பாட்டு வாசிக்கும் அந்த ஆர்கன் இயந்திரம். மூன்று நாளும் என் காலடியில் அது போட்ட இரைச்சலில் மண்டபத்துப் பலகைத் தரை நடுங்கியது. பொறுத்தேன், பொறுத்தேன், இறக்கிவிட்டேன்.

கையுறை இறங்கிய கையோடு கான்ஸ்டபிள் கிரிபிள் உங்கள் மருமகன் ஜோயலைப் பிடித்துப் போனது கிரிபிளின் வேலை. லாரியைப் பின்விளக்கு இல்லாமல் ஓட்டச் சொல்லி ஜோயலிடம் நான் சொல்லவில்லை.

போன வாரம் குழுவின் செயலாளர் செல்வி ஹெக்ஸ்ட் என் கடைக்கு வந்தார். நான் ஒரு சேணத்துக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளை என் முன்னால் வைத்தார். ரண்டில் குடும்பத்தின் குதிரை ராட்டினம் வராவிட்டால் சந்தைக்கு ஆள் வராது. ஏப்ரல் முடிவதற்குள் உங்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். தவறினால் இந்த வருடம் கையுறையை சைக்கிள் கடை ஹார்ட்னல் ஏற்றுவார். இவ்வளவும் எழுதியிருந்தது. வாயைத் திறந்து சொல்லக்கூட அந்த அம்மாளுக்கு மனமில்லை. இப்போதெல்லாம் எதையும் எழுதித்தான் நீட்டுகிறார். எனக்குக் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

ஹார்ட்னலுக்குச் சாசனத்தில் ஒரு வரி தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனது நாலு வருடம். லத்தீனை அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன், சாசனம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வேன்.

ஆகவே வாருங்கள். உங்கள் இடம் காலியாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ஏனோக் டக்கெட்
சேணம் தைப்பவர்


பிரிஸ்டல் அருகே, குளிர்கால முகாம்
14 மார்ச் 1958

டக்கெட் ஐயா,

உங்கள் கடிதத்தைக் குளிருக்கு அடுப்பில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மை வீணாக வேண்டாம் என்று பதில் எழுதுகிறேன்.

ஜோயலைப் பிடித்தார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நீங்கள் மாடியில் இருந்தீர்கள், நான் கீழே இருந்தேன். எப்படிப் பிடித்தார்கள் என்று நான் சொல்கிறேன்.

ராட்டினத்தில் பதினோரு குழந்தைகள். பாதிச் சுற்று. ஜோயல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கிரிபிள் மூன்று நாளாக அவனைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணடித்துக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை ஆறு மணிக்குப் பாத்துக்கறேன்டா தம்பி" என்பார். ஐந்தரைக்கே கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டிவிடுவதாக ஜோயல் அவரிடமே சொல்லியிருந்தான். இருவருக்கும் அது ஒரு விளையாட்டு. மூன்று மணிக்குக் கையுறை இறங்கியதும் கிரிபிளுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டம் விடவில்லை. "எறங்கிருச்சு கிரிபிள், என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே?" என்று ஒருவன் கத்தினான். "பயமா இருக்கா?" என்றான் இன்னொருவன். அவர் முகம் சிவந்துபோய் வந்து ஜோயலின் சட்டையைப் பிடித்தார். ராட்டினத்தை நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன். பதினோரு குழந்தைகளும் அழுதுகொண்டே இறங்கின. ஊரே சிரித்தது. என் மகள் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முப்பத்தாறு வருடமாக நாங்கள் அந்த மண்டபத்துக்குக் கீழே ராட்டினம் போடுகிறோம். என் வீட்டுக்காரர் ஜெத்ரோ உங்களைப் பற்றிச் சொல்வார்: "அந்தாளு சிடுமூஞ்சிதான் செலினா, ஆனா அவரு கையுறை மேல இருக்கிற வரைக்கும் நமக்கு அது நம்ம வீடு." ஜெத்ரோ செத்தபோது நீங்கள் ரயிலேறி வந்து மழையில் தொப்பியில்லாமல் நின்றீர்கள். அதனால்தான் இது எனக்கு வலிக்கிறது. வேறு யாராவது செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

மார்ல்ஃபோர்டு ஊர்க்காரர்கள் அதே வாரத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு வரி போதும். "செய்தது தப்பு" என்று ஒரு வரி. வந்துவிடுகிறேன்.

செலினா ரண்டில்


ஆட்டர்கோம்ப்
21 மார்ச் 1958

திருமதி ரண்டில்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்ட வரி என்னிடம் இல்லை.

தப்பு என்றால் வேண்டுமென்று செய்திருக்க வேண்டும். நான் செய்தது ஒவ்வொரு வருடமும் செய்வதைத்தான். வேலை நடக்கும் முறை உங்களுக்குத் தெரியாததால் சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மாடி அறைக்குப் போவேன். சன்னலை ஒட்டி நாற்காலி. கடிகாரம் கொண்டுபோக மாட்டேன். சாசனத்தில் கடிகாரம் இல்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலைப் பலகைமேல் வைத்து உட்கார்ந்திருப்பேன். கீழே உங்கள் ஆர்கன் ஓடிக்கொண்டிருக்கும். அது நிற்கும். நின்றதும் எழுந்து பூட்ஸை மாட்டி, கயிற்றை அவிழ்த்து, இறக்குவேன். போன வருடமும் அப்படித்தான். அன்று மேகமூட்டம். கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கலாம், எழுபத்திரண்டு வயதில் அது குற்றமில்லை. விழித்தபோது ஆர்கன் நின்றிருந்தது. இறக்கினேன்.

கம்பத்தின் அடியில் நின்று முடிவு வாசகம் சொல்ல வேண்டும். அதற்குள் கூட்டத்தில் ஒரே கைவீச்சு. ஒரு முட்டைக்கோசு வந்து விழுந்தது. வாசகம் சொல்லாமல் உள்ளே போனேன். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறை. இதற்காக யாரும் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஜெத்ரோ நல்ல மனிதர். கடிவாளத் தோலுக்கு எண்ணெய் போடத் தெரிந்தவர். அவர் என்னைச் சிடுமூஞ்சி என்று சொன்னதை நீங்கள் எழுதியிருக்கத் தேவையில்லை.

ஏனோக் டக்கெட்


டாண்டன் சாலை
2 ஏப்ரல் 1958

டக்கெட் ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு ஜோயலைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவன் ஒரு வார்த்தைதான் சொன்னான்: "பெல்ட்டு."

போன வருடம் சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் ஆர்கனின் பெல்ட் அறுந்தது. அதை மாட்டுவதற்குள் நீங்கள் கையுறையை இறக்கிவிட்டீர்கள். இரண்டையும் நாங்கள் சேர்த்து நினைத்ததே இல்லை. உங்களுக்குக் கோபம் வந்தது என்று நீங்களே சொன்னீர்கள், நம்பிவிட்டோம்.

இப்போது யோசிக்கிறேன். ஆர்கன் இரைச்சல் தாங்காமல் இறக்கினேன் என்கிறீர்கள். அது நின்றதற்குப் பிறகா தாங்க முடியாமல் போயிற்று?

ஜெத்ரோ காலத்திலிருந்து நாங்கள் ஆறு அடித்ததும் ஆர்கனை நிறுத்துவோம், நீங்கள் வாசகம் சொல்வதற்காக. நாங்கள் மணிக்காகக் காத்திருக்கிறோம். நீங்கள் எங்களுக்காகக் காத்திருக்கிறீர்கள். அந்த மணி உங்கள் தலைக்கு மேல் அடிக்கிறது ஐயா. எதிர்க்கரையில் மாடு மேய்ப்பவனுக்குக் கேட்கும்.

போன வருடம் வியாழக்கிழமை காலையில் நான் உங்களுக்கு இரண்டு தடவை வணக்கம் சொன்னேன். திரும்பவேயில்லை. திமிர் என்று நினைத்தேன். செல்வி ஹெக்ஸ்ட் தாளில் எழுதித் தருவது மரியாதைக் குறைவு என்று நீங்கள் நினைப்பதைப்போல.

எத்தனை வருடமாக?

கோபத்தில் செய்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி, முட்டைக்கோசும் வாங்கிக்கொண்டு, இதை மறைத்திருக்கிறீர்கள். கெட்டவன் என்று பேர் வந்தாலும் பரவாயில்லை, காது கேட்காதவன் என்று வரக் கூடாது, அப்படித்தானே?

எனக்குக் கோபம் போய்விட்டது. அது போனதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஒன்பது மாதமாகப் பத்திரமாக வைத்திருந்தேன்.

செலினா


ஆட்டர்கோம்ப்
5 ஏப்ரல் 1958

திருமதி ரண்டில்,

என் காதில் ஒரு குறையும் இல்லை. இதுபற்றி இனி எழுத வேண்டாம். மார்ல்ஃபோர்டுக்கே போங்கள், அங்கே புல்தரை சமமாக இருக்கும். உங்கள் இடத்தைக் குழு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

ஏ. டக்கெட்


ஆட்டர்கோம்ப்
19 ஏப்ரல் 1958

திருமதி ரண்டில்,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஆனால் நீங்கள் இதுவரை நான் சொன்ன எதையும் கேட்டதில்லை, இதை மட்டும் ஏன் கேட்டீர்கள் என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கோபுரத்தில் ஏறினேன். எண்பத்தாறு படி. மணிக்கயிறு இழுப்பவருக்குப் புதிய தோல் பிடி தைத்துக் கொடுத்திருந்தேன், அது எப்படி இருக்கிறதென்று பார்க்கிற சாக்கில் மணிக்கு நேர் கீழே நின்றேன். அவர் இழுத்தார். மேலே அந்த வெண்கலம் ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. என் பல்லில் தெரிந்தது. மார்பெலும்பில் தெரிந்தது. காதில் ஒன்றும் இல்லை. பிடி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஐந்து வருடம் இருக்கும். முதலில் குருவிகள் போயின. பிறகு கடைக் கதவின் மணி. பிறகு பேச்சு. வாயைப் பார்த்தால் பாதி புரியும். மீசைக்காரர்களிடம் அதுவும் நடக்காது. உங்கள் ஆர்கன் மட்டும் போகவில்லை. அது பலகை வழியாக உள்ளங்காலுக்குள் வரும். எந்தப் பாட்டு என்றுகூடச் சொல்லிவிடுவேன். மூன்று நாளும் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான். இரைச்சல் என்று எழுதியதை வேண்டுமானால் அடித்துவிடுங்கள்.

குழுவின் விதியில் ஒரு வரி இருக்கிறது: மணி ஓசையைத் தன் காதால் கேட்பவனே கையுறையை இறக்க வேண்டும். செல்வி ஹெக்ஸ்டுக்குத் தெரிந்தால் ஹார்ட்னல் வந்துவிடுவான். எனக்கு மனைவி மக்கள் இல்லை. வருடத்தில் மூன்று நாள் அந்தக் கம்பத்தடியில் நிற்கும்போதுதான் நான் இந்த ஊர்க்காரன் என்பது எனக்கே நினைவு வருகிறது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன்.

இதிலும் மன்னிப்பு இல்லை. தெரியாமல் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்பது முறையாகாது. உங்களுக்குச் சேர வேண்டியது ஒரு தீர்ப்பு. சந்தையில் எழும் வழக்கைச் சந்தை முடிவதற்குள் தூசிக்கால் மன்றம் விசாரிக்க வேண்டும் என்று சாசனம் சொல்கிறது. ஊரைச் சேராத மூன்று வியாபாரிகள், வழி நடந்து வந்த தூசியைக் காலில் இருந்து தட்டாமல் அப்படியே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். நூறு வருடத்துக்குமேல் அது கூடவில்லை. யாரும் ஒழிக்கவும் இல்லை.

போன வருடச் சந்தை முடிந்துவிட்டதே என்று கேட்பீர்கள். முடியவில்லை. கையுறை இறங்கினால் மட்டும் போதாது, வாசகமும் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அகராதியை வைத்து இரண்டு இரவு பார்த்துவிட்டேன். போன வருடச் சந்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வழக்குக் காலாவதி ஆகவில்லை.

வந்து என்மேல் குற்றம் சாட்டுங்கள்.

ஏனோக் டக்கெட்


வெலிங்டன்
27 ஏப்ரல் 1958

அன்புள்ள டக்கெட் ஐயா,

மார்ல்ஃபோர்டுக்கு வர முடியாது என்று தந்தி கொடுத்துவிட்டேன். செல்வி ஹெக்ஸ்டுக்கும் வருகிறேன் என்று எழுதிவிட்டேன். காரணம் எழுதவில்லை. குற்றம் சாட்ட வருகிறேன் என்றா எழுத முடியும்?

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். குருவி வரைக்கும் வந்ததும் என் மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். உங்கள்மேல் என்னைவிடக் கோபமாக இருந்தவள் அவள். "ஆர்கனோட பாட்டுச் சுருளு எல்லாம் பழசாயிருச்சும்மா, புதுசு ரெண்டு வாங்கணும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

சந்தை இன்னும் முடியவில்லை என்று எழுதியிருந்ததைக் கேட்டு ஜோயல் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. "அப்போ கிரிபிள் என்னைப் பிடிச்சது செல்லாது அத்தை. சந்தை நடக்கறப்ப பிடிச்சிட்டாரு. அவரு மேலயும் ஒண்ணு போடலாமா?" என்று கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். லாரிக்கு இப்போது இரண்டு பின்விளக்கு.

நம் ஏற்பாடு இது. சனிக்கிழமை ஜோயல் கடிகாரத்தோடு ஆர்கன் பக்கத்திலேயே நிற்பான். புதுப் பெல்ட். மணி ஆறு அடிக்கும் வரை ஆர்கன் நிற்காது. நின்றால் ஆறு. எங்கள் வண்டியைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

தண்டனை என்ன என்று யோசித்துவிட்டேன். மூன்று நீதிபதிகளிடமும் வழியிலேயே பேசிவிடுவேன். அது முறைகேடு என்று எழுதாதீர்கள். உங்கள் சாசனத்தில் அதைத் தடுக்கும் வரி இருந்தால் நீங்கள் இந்நேரம் எனக்கு அனுப்பியிருப்பீர்கள்.

செலினா ரண்டில்


ஆட்டர்கோம்ப்
30 ஜூன் 1958

திருமதி ரண்டில்,

அது முறைகேடு. தடுக்கும் வரி இல்லை என்பதும் உண்மை.

மண்டபத்து ஓரத்துப் பெரிய மரம் ஒரு பக்கம் வளர்ந்து உங்கள் ராட்டினக் கூரையில் இடிக்கும்போல இருந்தது. குழுவிடம் சொன்னால் மூன்று கூட்டம் போடுவார்கள். நானே ஏணி வைத்து வெட்டிவிட்டேன். கீழே நின்று யாரோ கத்தினார்களாம். எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன், உண்மையைத்தான் சொன்னேன், யாரும் நம்பவில்லை.

தண்ணீர்க் குழாய் சரியாக இருக்கிறது. விசாரணையில் பேசுவது எல்லாம் சிலேட்டில் எழுதப்பட வேண்டும் என்று நான் கேட்கப்போகிறேன். சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று சொல்வேன். நீங்கள் மறுக்கக் கூடாது.

கையுறைக்குக் கட்டைவிரல் புதிதாகத் தைத்திருக்கிறேன்.

ஏனோக் டக்கெட்


ஹானிடன் சாலை
24 ஜூலை 1958

அன்புள்ள ஏனோக் ஐயா,

சனிக்கிழமை நடந்ததில் பாதி உங்களுக்குக் கேட்டிருக்காது. சிலேட்டில் ஜோயல் எழுதியது கால்வாசிதான், அவன் எழுத்து உங்களுக்கே தெரியும். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கொட்டிய மழையில் ஊரெல்லாம் சேறு. நீதிபதி ஆசனத்துக்கு மூன்று வைக்கோல் கட்டு. இஞ்சி ரொட்டிக் கடை ஹெப்சிபா, பீங்கான் விற்கும் ஓரம், மட்டக்குதிரை வியாபாரி கிட் லவேரிஜ். மூவரும் உட்காரப் போனதும் நீங்கள் தடுத்தீர்கள். கிட்டின் பூட்ஸைக் காட்டி, "இது தூசி இல்ல, சேறு. சாசனத்துல தூசின்னுதான் இருக்கு. மன்றம் செல்லாது" என்றீர்கள்.

கிட் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நனைஞ்ச தூசிக்கு என்னய்யா பேரு?"

"சேறு."

"காஞ்ச சேத்துக்கு?"

நீங்கள் சிலேட்டைப் பார்த்தீர்கள், பிறகு கிட்டின் பூட்ஸைப் பார்த்தீர்கள். "தூசி."

"அப்போ உக்கார விடு. சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்."

உங்களுக்குப் பின்னால் அப்போது ஹார்ட்னல் நின்றிருந்தார். "குற்றவாளியே ஆட்சேபம் பண்றாரு, இவரு இல்லாம சந்தை எப்படிய்யா நடத்துறது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. அவர் கையில் எண்ணெய்க் கறை, கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

நான் வழக்கைச் சொன்னேன். குறித்த நேரத்துக்கு முன்னால் கையுறையை இறக்கினார், பதினோரு குழந்தைகளின் சுற்றுப் பாதியில் நின்றது. ஏன் இறக்கினார் என்று கிட் கேட்டபோது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "தூங்கிட்டாரு" என்றேன். அது பொய் இல்லையே. கூட்டம் சிரித்தது. போன வருடம் சிரித்த சிரிப்பு வேறு, இது வேறு.

ஹெப்சிபாதான் தீர்ப்புச் சொன்னாள். "முப்பது வருஷத்துக்கு மேலா இந்த ராட்டினத்துக்கு மேலயே உக்காந்திருக்காரு, ஒரு நாள் ஏறினதில்ல. ஏத்துங்க பெரியவர. அந்தப் புள்ளைங்க எறங்கின சுத்தையெல்லாம் இவரே சுத்தட்டும்."

உங்களை ஷார்லட் மேல் ஏற்றினோம். வெளிவரிசைக் குதிரை, ஆர்கனுக்கு நேர் எதிரே வந்து வந்து போகும். அந்த இடத்தை நான் யோசித்துத்தான் வைத்தேன். நீங்கள் முதலில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ வரி கட்டப் போகிறவர்போல் விறைப்பாக இருந்தீர்கள். மூன்றாவது சுற்றில் தொப்பியைக் கழற்றினீர்கள். நாலாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் கம்பியில் வைத்தீர்கள். ஆர்கன் அந்தக் கம்பி வழியாகவும் வரும் என்று ஜெத்ரோ சொல்வார்.

ஜோயல் பிரேக்கில் கை வைத்தான். "அத்தை, மயக்கம் போட்டுட்டாரா? நிறுத்தவா?"

"மூஞ்சியப் பாருடா. மயக்கம் போட்டவன் சிரிப்பானா? கைய எடு."

பக்கத்துக் குதிரையில் ஒரு சின்னப் பெண் உங்களைக் கேட்டாள், "தாத்தா, நீங்க என்ன தப்புப் பண்ணீங்க?" உங்கள் கண் மூடியே இருந்தது. அவளே அடுத்த சுற்றில், "பெரிய தப்பா இருக்கும், இவ்ளோ நேரம் குடுத்திருக்காங்க" என்றாள். அவள் அம்மா சொல்கிறாள், வீட்டுக்குப் போய் அந்தப் பெண் சர்க்கரை டப்பாவை வேண்டுமென்றே கவிழ்த்தாளாம்.

பதினோரு சுற்று. தண்டனை நிறைவேறியது.

ஆறு மணிக்கு ஆர்கனை நிறுத்தினோம். நீங்கள் வாசகம் சொன்னதைக் கீழே நின்று கேட்டேன். வாசகம் ஒன்றுதான், இரண்டு தடவை சொன்னீர்கள். ஒன்று போன வருடத்துக்கு என்று புரிந்துகொண்டேன்.

நாங்கள் சனிக்கிழமை ஆறரைக்குத்தான் கிளம்பினோம். கிரிபிள் எல்லைவரை வந்து இரண்டு பின்விளக்கையும் பார்த்துச் சலாம் போட்டார்.

அடுத்த வருடம் பார்ப்போம்.

உங்கள்,
செலினா


ஆட்டர்கோம்ப்
3 ஆகஸ்ட் 1958

அன்புள்ள செலினா அம்மா,

பதினோரு சுற்று என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு. நான் எண்ணினேன். ஒரு சுற்று அதிகம் தண்டிக்கப்பட்டிருக்கிறேன். முறையீடு செய்யப் போவதில்லை.

ஆனால் வேறொரு புகார் இருக்கிறது. யாருக்கும் தெரியாது என்று எழுதினீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை காலைப் பலகைமேல் வைத்து உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகள் வாங்கிய புதுப் பாட்டு இரண்டும் பரவாயில்லை, முதலாவது கொஞ்சம் வேகம். பிறகு பலகை ஓய்ந்தது. எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு சன்னலுக்கு வந்தேன். போன வருடம் நடந்தது மனதில் இருந்ததால் கயிற்றில் கை வைக்கத் தயங்கினேன். கீழே பார்த்தேன்.

செல்வி ஹெக்ஸ்ட் கம்பத்துக்கு நேர் கீழே நின்று இரண்டு கையையும் தூக்கி ஆறு விரல் காட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிக் கிரிபிள், ஆறு விரல். ஹார்ட்னல், எண்ணெய்க் கையோடு ஆறு விரல். பால்காரர், மணிக்கயிறு இழுப்பவர், பாதிரியாரின் மனைவி. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு கிழவி ஏழு காட்டினாள், அவளுக்குக் கண் சரியில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. ஊரே எனக்குத் தெரியாமல் கூட்டம் போட்டிருக்கிறது.

இறங்கி வந்ததும் செல்வி ஹெக்ஸ்டிடம் கேட்டேன், "எவ்வளவு நாளா?" அவர் தாளை எடுத்தார். மூன்று வருடம் என்று எழுதினார். விதியில் இருக்கும் அந்த வரி என்ன ஆயிற்று என்றேன். அவர் எழுதியது இது: "அந்த விதியைப் போன மாதம் மாற்றிவிட்டோம். 'காதால்' என்ற சொல்லை எடுத்துவிட்டோம். கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள். கை தூக்கினீர்கள்."

எனக்குத் தெரியாத ஒரு தீர்மானத்துக்கு என்னையே கை தூக்க வைத்திருக்கிறார்கள். குழுவுக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்துவிட்டது. அடுத்த வருடமும் கையுறையை நானே ஏற்ற வேண்டும் என்றும் அதே தாளில் இருக்கிறது. புகாரைத் திரும்பப் பெற மாட்டேன்.

இனி வேலை விஷயம். ஷார்லட்டின் கடிவாளம் மோசம். ஏறி உட்கார்ந்தபோதே பார்த்தேன். வாயோரத்தில் தோல் வெடித்திருக்கிறது, ஜெத்ரோ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். மரக்குதிரைதானே என்று ஜோயல் நினைத்திருப்பான். புதிதாக ஒன்று தைத்து இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். நெற்றிப் பட்டைக்குக் கையுறையில் மிஞ்சிய வெள்ளைத் தோல். மாதம் ஒருமுறை எண்ணெய் போடச் சொல்லுங்கள், வெயிலில் காயவைக்க வேண்டாம்.

மார்ச் மாதத்தில் நீங்கள் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அந்த நெற்றிப் பட்டை இரண்டு மடிப்பு. உள்மடிப்பில் ஒரு வரி தைத்திருக்கிறேன், சிவப்பு நூலில். அது ஷார்லட்டுக்கு. பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரித்தால் தையலுக்கு நான் பொறுப்பில்லை.

உங்கள்,
ஏனோக்